அழிப்பதற்குக் குறிப்பு எழுதிய என் தம்பி

எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம் பதினெட்டு வருடமாக ஒட்டியிருக்கிறது. தலைப்பு ‘மோட்டார் போடும் முறை’. எழுதியது என் தம்பி ஆன்ஸ்லின். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. மொத்தம் இருபத்துமூன்று குறிப்புகள். ஏழாவது குறிப்பு இது: ‘கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு சுவிட்சைத் தொடவும். துண்டு இல்லை என்றால் அக்காவின் முந்தானையில் துடைக்கவும். அக்கா இல்லை என்றால் காத்திருக்கவும்.’

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு, இது என்ன என்று நின்று படிக்கத் தொடங்குவார்கள். இருபத்துமூன்றாவது குறிப்பு ‘தொட்டி நிறைந்ததும் அணைக்கவும்’ என்பது. அங்கே வந்து சேர்வதற்குள் தொட்டி நிறைந்து வழிந்து கோழிக்கூடு நனைந்திருக்கும். ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கரண்ட் அடித்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

நான் ஜெபகுமாரி. அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கன்றுகளுக்கு அட்டை எழுதிக் கட்டுவது என் வேலை. எந்த ரகம், எந்தத் தேதியில் ஒட்டுக் கட்டியது, யார் கட்டியது என்று ஒவ்வொரு கன்றிலும் எழுத வேண்டும். ஒரு அட்டை மாறினால் ஏழு வருடம் கழித்து, பால் எடுக்க மரத்தைக் கீறும்போதுதான் தெரியும். அப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதனால் நான் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். ஆன்ஸ்லின் மூன்று தடவை பார்ப்பான்.

அவன் மார்த்தாண்டத்தில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கினான். பிறகு அங்கேயே ஒரு வீட்டுச் சாமான் கடையில் விற்பனைக்கு நின்றான். மிக்சி வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, கூரையெல்லாம் சட்னி என்று சத்தம் போடுவது அந்தக் கடையில் வழக்கம். ஆன்ஸ்லின் ஒரு துண்டுத் தாள் எழுதி ஒவ்வொரு மிக்சிப் பெட்டிக்குள்ளும் போட்டான். ‘முதலில் மூடி. பிறகு சுவிட்ச். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றியவர்களின் கூரையை நாங்கள் பார்த்திருக்கிறோம்.’ அந்த மாதத்திலிருந்து ஒரு சட்னிப் புகாரும் வரவில்லை. முதலாளி அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தத் தாளின் படத்தை விண்ணப்பத்தோடு அனுப்பித்தான் அவனுக்குத் திருவனந்தபுரத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

அங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்டால் சொல்வது கஷ்டம். நான் இப்படிச் சொல்வேன். கம்ப்யூட்டரில் அட்டவணைகள் இருக்கும். அதிலிருந்து வேண்டாத வரிசையை நீக்குவதற்கு ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போவது நாம் இல்லை. ஏஐ ஏஜெண்ட் என்ற ஒன்று. ஒரு வேலையைச் சொன்னால் ஆள் இல்லாமல் தானே செய்துவிடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் அது. ஆனால் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அதற்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த யாராவதுதான் என் தம்பி.

“அழிக்கதுக்கு ஒரு குறிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்! எனக்க பேரப்பிள்ள ஓசிக்கு அழிப்பான்” என்று எங்கள் சபையில் ஒருவர் சொன்னார். அவர் ரசலையன் மாமா. இந்தக் கதையில் அவர் பின்னால் வருவார்.

ஆறு மாதம் தற்காலிக வேலை, வீட்டில் இருந்தபடியே செய்வது. ஆறாவது மாதம் இந்தக் கருவிக்கான குறிப்பை அவனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு மேலே இருக்கும் ஷைஜா மேடம் ஃபோனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு புதன்கிழமை காலை, ஒரு புது ஏஜெண்டுக்கு அவன் எழுதிய குறிப்பை மட்டும் கொடுப்பார்கள். பத்துப் பட்டியல்கள். பத்திலும் சொன்ன வரிசைகளை மட்டும் அது சரியாக நீக்கினால் வேலை நிரந்தரம். ஒரு வரிசை மாறினாலும் மறுபடியும் மிக்சிக் கடைதான்.

குறிப்பை எழுதி முடித்ததும் அவன் தமிழில் மாற்றி எனக்கு வாசித்துக் காட்டினான்.

“யக்கா, நீ இப்ப ஏஜெண்டு. இதுல எழுதியிருக்கத மட்டும் செய்யணும். சொந்த புத்திய எடுக்கப்பிடாது.”

“அப்பிடின்னா உனக்க அத்தான விளி. அவரு சொந்த புத்திய எடுத்து நான் இதுவரைக்கும் பாக்கல.”

“அத்தான் எழுதியிருக்கதயும் செய்யமாட்டாரு. நீ இரி.”

நான் இருந்தேன். குறிப்பின் முதல் வரி, ‘நீக்க வேண்டிய வரிசையின் எண்ணைக் கொடுக்கவும்.’

“எண்ணு எங்கேருந்து தொடங்கும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுலேருந்துதான். சில கருவி பூஜ்யத்துலேருந்து எண்ணும். இது அப்பிடியில்ல.”

“பின்ன அத எழுத வேண்டாமா? சபைப் பட்டியல்ல மொத ஆளான நம்ம போதகரம்மாவுக்கு பூஜ்யம்னு போட்டா அவ ஒத்துக்கிடுவாளா?”

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு எழுதினான். ‘முதல் வரிசையின் எண் ஒன்று.’ கம்பெனியில் நான்கு பேர் படித்தார்களாம். ஒருவரும் இதைக் கேட்கவில்லையாம். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்து, சோதித்துப் பார்க்க ஒரு பட்டியல் வேண்டும். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது. ஆலயத்தை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து அசனம் சாப்பிடுவோம். சோறு, சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் நாங்களே சமைத்து நாங்களே பரிமாறுவது. யார் எந்த வேலை என்று ஒரு பட்டியல் உண்டு. இருபது பேர். அதை எழுதி வைப்பது ஒன்பது வருடமாக நான்தான். அந்த வருடம் மூன்று பேர் ஊரில் இல்லை. ஐந்தாவது இருந்த ரிஜோ பெங்களூருக்குப் போய்விட்டான். ஒன்பதாவது சத்தியராஜ் மஸ்கட்டில். பதினான்காவது சிலுவைதாசன் கோயம்புத்தூரில் மகள் வீட்டில். மூன்று பேரையும் நீக்க வேண்டும்.

‘ஒரு நேரத்தில் ஒரு வரிசையை நீக்கவும். எல்லா எண்களும் முடியும் வரை செய்யவும்’ என்று குறிப்பில் இருந்தது. நான் என் நோட்டில் சிவப்புப் பேனாவால் ஐந்தை அடித்தேன். ஒன்பதை அடித்தேன். பதினான்கை அடித்தேன். ரிஜோ, சத்தியராஜ், சிலுவைதாசன். மூன்றும் சரி.

“எங்கயாச்சும் தட்டுதா?” என்றான்.

“ஒரு புள்ளிய மாத்தாத. கொள்ளாம், நல்லாயிருக்கு.”

நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. அதே பட்டியலைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து, அதே குறிப்பை ஏஜெண்டுக்குக் கொடுத்து, அதே மூன்று எண்களைச் சொன்னான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘முடிந்தது’ என்று வந்தது. குலசேகரத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். நான் விரல் வைத்து எண்ணினேன். பதினேழு. இருபதில் மூன்று போனால் பதினேழு. சனிக்கிழமை சாயங்காலம் சபை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டினேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை அது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பலகையின் முன் ரசலையன் மாமா நிற்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போடுகிறார். மறுபடி கழற்றுகிறார்.

ரசலையன் மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அசனத்தில் பாயச வாளி அவருடையது. முப்பத்தொரு வருடமாக அந்த வாளியை வேறு ஒருவர் தொட்டதில்லை. யாருக்கு இரண்டாவது கரண்டி உண்டு, யாருக்கு இல்லை என்பதை அவர்தான் முடிவு செய்வார். வருடம் முழுக்க ஊரில் அவருக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அந்த இரண்டாவது கரண்டிக்காக.

“ஏட்டி ஜெபா! இதுல எனக்க பேரு எங்க?”

“பத்தாவது மாமா, எப்பவும் போல.”

“பத்தாவது இலை போடுத ஆளாக்கும் நிக்கியான். எட்டாவது யாரு தெரியுமா? சத்தியராஜ். வெங்காயம் உரிக்க. மஸ்கட்லேருந்து உரிச்சு கொரியர்ல விடுவானா?”

நான் போய்ப் பார்த்தேன். சத்தியராஜ் இருந்தான். கோயம்புத்தூர் சிலுவைதாசனும் இருந்தார். ரசலையன் மாமா இல்லை. யாரோ அதற்குள் பலகையைப் படம் பிடித்துச் சபை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

“முப்பத்தொரு வருசம்! சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன்” என்றார் மாமா. ஒதுங்கியிருக்கவே மாட்டார். அது எல்லோருக்கும் தெரியும்.

“மாமா, யாரும் வேணும்னு செய்யல. மெஷினு செஞ்சதாக்கும்.”

“மெஷினுக்கு எனக்க மேல என்ன கோவம்? அதுக்கு நான் பாயசம் விட்டேனா, விடாம போனேனா?”

“நான் எண்ணிப் பாத்தேன் மாமா. சரியா பதினேழு இருந்து.”

“எண்ணினியா? கோழிக்கூட்டுல பதினேழு கெடக்குன்னு எண்ணினா போருமா? அதுல மூணு நாயா இருந்தா?”

அப்போது ஆன்ஸ்லின் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான். “யக்கா, உனக்க பேரும் இல்ல.”

பதினாறாவது பெயர் என்னுடையது. காய்கறி கழுவுவது. இல்லை. ஒன்பது வருடமாக நானே எழுதுகிற பட்டியலில் நான் இல்லை. எண்ணினேனே தவிர வாசிக்கவில்லை. நாற்றுப் பண்ணையில் ஒருவரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

ஆன்ஸ்லினின் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு உடனே புரிந்தது. அவன் பாயசத்தை நினைக்கவில்லை. புதன்கிழமையை நினைத்தான். மூன்றில் இரண்டு தப்பு. இதே குறிப்பு பத்துப் பட்டியலுக்கும் போனால் வேலை போய்விடும்.

அவன் பலகையின் முன் நின்று விரலால் காற்றில் எண்ணினான். சத்தியராஜுக்கு அடுத்த ஆள் ரசலையன். ஒரு இடம் தள்ளி. சிலுவைதாசனிலிருந்து நான் இரண்டு இடம் தள்ளி. “ஒண்ணு… ரெண்டு…” என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

“யக்கா, நீ நோட்டுல எப்பிடி நீக்கின?”

“சிவப்புப் பேனாவ வச்சு அடிச்சேன்.”

“அடிச்ச பேரு அங்கயே கெடந்துதா?”

“பின்ன எங்க போவும்? ஓடிப் போவுமா?”

“கம்ப்யூட்டர்ல ஓடிப்போவும். கீழ உள்ளதெல்லாம் ஒரு படி மேல ஏறும். அஞ்சு போன உடனே பத்தாவது இருந்த மாமா ஒம்பதாவது ஆயிட்டாரு.”

“நான் ஒம்பதாவது ஆவல” என்றார் மாமா. “நான் இஞ்சதான் நின்னேன்.”

“காட்டித் தாரேன் மாமா.”

“காட்டு. காட்டாம நான் சோறு திங்கப் போவமாட்டேன்.”

சபை வளாகத்து மாமரத்தடியில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். ஆன்ஸ்லின் ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் எங்கள் ஆட்களுக்கு வேறு வேலை கிடையாது. பட்டியலில் உள்ளவர்கள் வந்து அவரவர் எண்ணில் உட்கார்ந்தார்கள். ஒன்றில் போதகரம்மா. ஐந்தில் ரிஜோவுக்குப் பதில் அவன் அம்மா. ஒன்பதில் சத்தியராஜுக்குப் பதில் அவன் மனைவி ஜாஸ்மி. சிலுவைதாசனுக்கு ஆள் கிடைக்காததால் பதினான்கில் ஒரு குடையை வைத்தோம். நான் ஏஜெண்ட் என்பதால் பதினாறில் என் வேதாகமப் பையை வைத்தேன்.

“நெய்யூர் ஆஸ்பத்திரி பெஞ்சு போலயாக்கும்” என்றான் ஆன்ஸ்லின். “ஒரு ஆளு எழும்பிப் போனா, பொறவு இருக்கவங்க எல்லாரும் ஒரு எடம் தள்ளி இருக்கணும்.”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து நகராதவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

“அஞ்சு எழும்பணும்” என்றேன்.

ரிஜோவின் அம்மா எழுந்தார். ஆறிலிருந்து இருபது வரை வேட்டியும் சேலையும் குடையும் பையும் ஒரு இடம் நகர்ந்தன.

“ஒம்பது எழும்பணும்.”

ஒருவரும் எழவில்லை. எல்லோரும் ரசலையன் மாமாவைப் பார்த்தார்கள். அவரும் யாரோ எழுவார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மாமா, நீங்கதான்.”

“நான் பத்தாக்கும்.”

“நாற்காலியப் பாருங்க.”

திரும்பி முதுகைப் பார்த்தார். ஒன்பது. “சவம்! இது எப்ப மாறிச்சு?”

“இப்ப நீங்களே தள்ளி இருந்தீங்களே.”

அவர் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் மறுபடி ஒரு இடம் நகர்ந்தார்கள். எட்டாவது நாற்காலியில் ஜாஸ்மி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். “மாமா, எனக்க மாப்பிள்ள தப்பிச்சிட்டாரு. நீங்க மாட்டினீங்க.”

“பதினாலு எழும்பணும்” என்றேன். என் பை வெளியே வந்தது. குடை பன்னிரண்டாவது நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு மாமாவின் கோபம் குறைந்தது. யாரும் தன்னை நீக்க நினைக்கவில்லை, தானே நகர்ந்துபோய் அகப்பட்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஆன்ஸ்லினுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவை நீக்கிய பிறகும் மீதி எண்களில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னான். எல்லோரையும் பழைய இடத்தில் உட்கார வைத்து அதைச் செய்து பார்த்தோம். ஐந்து போனால் ஒன்பது எட்டு. பதினான்கு பதின்மூன்று. எட்டு போனால் பதின்மூன்று பன்னிரண்டு. நான் தாளில் எழுதுவதற்குள் எல்லோரும் ஆளுக்கொரு எண்ணைக் கத்தினார்கள். எனக்குத் தலை சுற்றி, ஒரு தடவை குடைக்குப் பதில் பொருளாளரை எழுப்பிவிட்டேன்.

“இவ்வளவு கணக்கு வச்சா எங்கயாவது தட்டும். மறுபடியும் முதல்லேருந்து” என்றான் ஆன்ஸ்லின்.

மூன்றாவது தடவை ரசலையன் மாமா உட்கார்ந்ததும் நாற்காலியின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு…” என்று நான் தொடங்கினேன்.

“ஏட்டி, நிறுத்து! அஞ்ச எழுப்பினா நான் நகரணும். நகந்தா நீ என்ன எழுப்புவ. எனக்க முன்ன இருக்க ஒருத்தரும் எழும்பப்பிடாது. வேணும்னா எனக்க பொறவு இருக்கவன எழுப்பு.”

“மாமா, அது வரிசப்படி…”

“வரிசையும் கிரிசையும்! குடைய எழுப்பு. அதுக்குக் கோவம் வராது.”

வேறு வழியில்லாமல் “பதினாலு” என்றேன். குடையை எடுத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் மட்டும் நகர்ந்தார்கள். மாமா நகரவில்லை. ஒன்பது நகரவில்லை. ஐந்து நகரவில்லை.

ஆன்ஸ்லின் சட்டென்று திரும்பினான். “யக்கா, இப்ப ஒம்பது!”

ஜாஸ்மி எழுந்தாள். அவள்தான் எழ வேண்டியவள்.

“மாமா, நீங்க ஒரு எடம் தள்ளணும்” என்றேன்.

“இனி ஒம்பதக் கூப்பிடமாட்டியே?”

“சத்தியமா மாட்டேன்.”

நகர்ந்தார். “அஞ்சு” என்றேன். ரிஜோவின் அம்மா எழுந்தார். மூன்று பேரும் சரி. மாமா எட்டாவது நாற்காலியில் பத்திரமாக இருந்தார். என் பையும் உள்ளேயே இருந்தது.

“பெரிய எண்ணுலேருந்து சின்ன எண்ணுக்கு!” என்று ஆன்ஸ்லின் கத்தினான். ஆராதனை முறைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். முதல் நாற்காலியில் இருந்த போதகரம்மா மூன்று தடவையிலும் ஒரு இம்மிகூட அசையவில்லை. அதனால் இது மிகவும் நல்ல கருவி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாமா போகவில்லை. “எடே ஆன்ஸ்லின், இத ஆருக்காக்கும் எழுதுக?”

“உலகம் பூரா உள்ள ஏஜெண்டுக்கு மாமா.”

“அப்ப எனக்க பேரப் போடு. என்ன அழிக்கப்பிடாதுன்னு எழுது. இனி ஒரு மெஷினும் எனக்க வாளியில கை வைக்கப்பிடாது.”

அன்று மத்தியானமே குறிப்பை மாற்றி எழுதினான். எனக்கு மனப்பாடம். ‘ஒரு வரிசையை நீக்கினால் அதற்குக் கீழே உள்ள எல்லா வரிசைகளின் எண்ணும் ஒன்று குறையும். ஆகவே பல வரிசைகளை நீக்கும்போது பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சின்ன எண்ணுக்கு வரவும். எடுத்துக்காட்டு: ஐந்து, ஒன்பது, பதினான்கு என்ற வரிசைகளை மேலிருந்து கீழாக நீக்கினால், பத்தாவது வரிசையில் உள்ள ரசலையன் தவறாக நீக்கப்படுவார். அப்படிச் செய்யக் கூடாது.’ கடைசி வரி எனக்காக. ‘முடித்த பின் மீதியை எண்ணினால் போதாது. வாசிக்கவும்.’

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து மேசையில் சாய்த்தான். ரசலையன் மாமா ஒன்பதரைக்கே வந்துவிட்டார். பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அவரை மூலையில் உட்கார வைத்தேன். ஷைஜா மேடம் ஒவ்வொரு பட்டியலாக ஏஜெண்டுக்குக் கொடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் பட்டியல் சரி. இரண்டாவது சரி. நான் நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்தேன், இந்தத் தடவை பச்சைப் பேனாவால்.

ஏழாவதில் பேச்சு நின்றது.

“ஆன்ஸ்லின்… ஆரு இந்த ரசலையன்?”

என் தம்பி மூலையில் இருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

“இது ஒரு மேசை நாற்காலிப் பட்டியல். ஏஜெண்ட் மூணு வரிசைய நீக்கிட்டு ஒரு குறிப்பு எழுதியிருக்கு. ‘நீக்குவதற்கு முன் சரிபார்த்தேன். இந்த மேசைகளில் ரசலையன் இல்லை.’ இப்ப மேல போயிப் பாத்தா ஏழு பட்டியல்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. விளக்குப் பட்டியல்லயும் தேடியிருக்கு.”

“தப்பா மேடம்?” என்றான்.

“யோசிக்கியேன்.”

அந்த நேரத்தில் மூலையிலிருந்து சத்தம் வந்தது. “நான்தான் அது! ரசலையன் நான்தான்!”

நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். அவர் ஃபோன் அருகில் வந்துவிட்டார். “பிள்ளே, பையனுக்க மேல தப்பு இல்ல. நான் சொல்லித்தான் எழுதினான். என்ன ஒரு வாட்டி அழிச்சுப் போட்டாங்க. பாயசம்…”

பிறகு மேடம் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இரண்டு நிமிடம் ஆனது. “மாமா, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. உங்கள ஆரும் அழிக்கமாட்டாங்க” என்றார். பிறகு சொன்னார், “நீக்கது பெரிய காரியம். நீக்கினா திரும்ப வராது. அதுக்கு முன்ன ஒருக்கா ஆள் இருக்கான்னு பாக்கியது நல்லதுதான். வரிசை சரியா போயிருக்கு. ஏழாவது சரி.”

எட்டு சரி. ஒன்பது சரி. பத்தாவது பட்டியல் கடைச் சாமான்கள், நாற்பது வரிசை. அதிலும் ரசலையன் இல்லை. சரி.

“ஆன்ஸ்லின், இனி நீ எங்க ஆளு. லெட்டர் இன்னைக்கே வரும்” என்றார் மேடம். “ஒரு விஷயம். அந்த எடுத்துக்காட்டுல பேர மாத்தி ஏதாவது பழத்துக்க பேரு போட்டுறலாமா?”

மாமா முகம் மாறிவிட்டது. “பேர எடுத்தா என்ன ரெண்டாம் வாட்டி நீக்கினதா ஆவும்!”

பேர் அப்படியே இருக்கிறது. உலகத்தில் எந்த ஏஜெண்ட் அந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் எங்கள் ரசலையன் மாமாவைப் பற்றிப் படிக்கிறது. ஆன்ஸ்லினின் அக்கா என்று என்னைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது ரசலையன் மாமாவின் ஊர்க்காரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுப் பட்டியலை மறுபடி மாட்டினேன். எண்ணவில்லை. பதினேழு பெயரையும் வாய்விட்டு வாசித்தேன். என் பெயர் வந்தபோது கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து சத்தியராஜ் பெட்டியோடு வந்து இறங்கும் வரை.

வாட்ஸாப்பில் பலகையின் படத்தைப் பார்த்திருக்கிறான். வெங்காயத்துக்குத் தன் பெயர் போட்டிருக்கிறது. முதலாளியிடம் காட்டி, சபையில் வேலை கொடுத்துவிட்டார்கள், போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லி எட்டு நாள் லீவு வாங்கிவிட்டான். நேராகச் சபைக்கு வந்து பலகையைப் பார்த்தான்.

“ஜெபாக்கா! இதுல எனக்க பேரு எங்க?”

ஆன்ஸ்லின் என் பேனாவை வாங்கி, பதினெட்டாவது வரியில் ‘சத்தியராஜ், வெங்காயம்’ என்று எழுதினான். கடைசியில் சேர்த்தால் யாருக்கும் எண் மாறாது என்றான். ஜாஸ்மி அன்றுமுதல் அந்தக் கருவியைப் பற்றி ஒருவரையும் குறை பேச விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அசனப் பந்தி உட்கார்ந்தது. சோறு, சாம்பார், அவியல் எல்லாம் வழக்கம்போல முதல் இலையிலிருந்து வந்தன. முதல் இலையில் வழக்கம்போல போதகரம்மா. பாயசத்துக்கு நேரம் வந்தது. ரசலையன் மாமா வாளியோடு வந்தார். முதல் இலையைத் தாண்டி நடந்தார். நடுவைத் தாண்டினார். பந்தியின் கடைசிக்கே போனார். அங்கே, கடைசி இலையில், ஆன்ஸ்லின் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு கரண்டி ஊற்றினார். கேட்காமலேயே இரண்டாவது கரண்டியும் ஊற்றினார்.

“ஓய், இது என்ன புது வழக்கம்? மொத இலையிலேருந்துதானே விடணும்?” என்று நடுவிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“பெரிய எண்ணுலேருந்து சின்ன எண்ணுக்கு” என்றார் மாமா, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு வந்தபடி. “கம்பெனி பத்து வாட்டி சோதிச்சு ஒத்துக்கிட்ட முறையாக்கும்.”

முதல் இலைக்கு அவர் வந்து சேர்ந்தபோது வாளியில் அடிப்பாயசம்தான் இருந்தது. போதகரம்மா அதை இலையில் பார்த்தார், பிறகு தூரத்தில் இருந்த என் தம்பியைப் பார்த்தார். அந்தக் கருவி நல்ல கருவி என்று அதற்குப் பிறகு அவர் எங்கேயும் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.